வெறும் வயிற்றில் வாருங்கள்

திருவனந்தபுரத்தில், தம்பானூரில் நான் பயிற்சிக்குச் சேர்ந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில், நாற்காலியில் வந்து உட்காருகிறவர் முதலில் என்னைத்தான் பரிசோதிப்பார். முகத்தைப் பார்ப்பார், கையுறையைப் பார்ப்பார், கழுத்தில் தொங்குகிற மாணவி அட்டையைப் பார்ப்பார். பிறகு கையை நீட்டாமலே கேட்பார்: "புதிய குட்டியாணோ?"

புதிய பெண்தான். பொய் சொல்ல எனக்கு வராது. வந்தாலும் அந்த அட்டை காட்டிக் கொடுத்துவிடும். "அதே" என்பேன், ஆமாம் என்று. நீட்ட வந்த கை மறுபடி மடிக்குப் போய்விடும். "அந்தச் சேச்சி இல்லையா?" என்பது அடுத்த கேள்வி. அந்தச் சேச்சி என்பவர் அங்கே மூத்த டெக்னீஷியன். பேசிக்கொண்டே ஊசியைப் போட்டு, பேச்சு முடிவதற்குள் பஞ்சை வைத்து அனுப்பிவிடுவார். அவரிடம் போனவர்கள் முழங்கையை மடக்கிக்கொண்டு சிரித்தபடி வெளியே போவார்கள். என்னிடம் வந்தவர்கள் வேறு மாதிரிப் போவார்கள்.

லேப் டெக்னாலஜி படிப்பில் கடைசிக் கட்டம் இந்தப் பயிற்சி. கல்லூரியில் நான் மோசமான மாணவி இல்லை. ரத்தத்தின் அணுக்களை நுண்ணோக்கியில் பார்த்து எண்ணச் சொன்னால் எண்ணிவிடுவேன். ரத்தம் எடுக்கப் பழகுவதற்கு அங்கே ஒரு ரப்பர் கை இருந்தது. அதில் நான்தான் வகுப்பில் முதல். ரப்பர் கைக்கு வலிக்காது, அது என் அட்டையைப் படிக்காது, வியர்க்காது, கடைசி நொடியில் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளாது. அதை நம்பி நான் என்னை ஒரு பெரிய ஆளாக நினைத்திருந்தேன்.

உயிருள்ள கையில் என் விரல் நடுங்கியது. ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தேடி, இதோ இருக்கிறது என்று தெரிந்த பிறகும், அந்த ஆள் என் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு வந்தால் போதும், ஊசி நரம்புக்குப் பக்கத்தில் போய் நிற்கும். சிலருக்கு இரண்டாம் தரம் குத்தினேன். ஒருவருக்கு நரம்பு கிடைத்து, ரத்தமும் வந்து, அந்தச் சந்தோஷத்தில் பட்டையை அவிழ்க்காமல் ஊசியை உருவிவிட்டேன். முதலில் பட்டை, பிறகு ஊசி. இது முதல் பாடம். அவருடைய கையில் நீலம் பாய்ந்துவிட்டது. வங்கியில் வேலை பார்க்கிறவர். மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் சட்டைக் கையைச் சுருட்டியபடி வந்து, இன்சார்ஜ் சாரிடம் அதைக் காட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கே என்னை முன்பக்கக் கவுன்டருக்கு மாற்றினார்கள். போன் எடுப்பது, பெயர் கேட்பது, டியூப்களில் ஸ்டிக்கர் ஒட்டுவது. உண்மையைச் சொன்னால் எனக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததே என்று என் மேலேயே எரிச்சலாகவும் இருந்தது. ஏனென்றால் இன்சார்ஜ் சார் குரலை உயர்த்தாமல், மலையாளத்தில், மிக மரியாதையாக என்னிடம் சொல்லியிருந்தார்: பயிற்சி முடிவதற்குள் ஒரு காலைப்பொழுது முழுக்க நீ தனியாக ரத்தம் எடுப்பாய் என்று நான் நம்ப வேண்டும். இல்லையென்றால் பயிற்சி முடிந்தது என்று நான் எழுதித் தர மாட்டேன். நீ முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஸ்டிக்கர் ஒட்டுகிற ஒவ்வொரு நாளும் நான் அந்தத் தொடக்கத்தை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

என் அப்பா டீ மாஸ்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் திருவனந்தபுரம் வந்து, தம்பானூர் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற ஓட்டல் ஒன்றின் வாசலில் பாய்லர் பக்கம் நின்றவர், இன்னும் அங்கேதான் நிற்கிறார். முதல் ரயிலில் இறங்குகிறவர்களுக்கு அவர் டீதான் திருவனந்தபுரம். கடை திறந்ததும் ஆற்றுகிற முதல் கிளாஸை அவர் யாருக்கும் தர மாட்டார். தானே குடித்துப் பார்த்து, தூளும் பாலும் சரியென்று தலையாட்டிய பிறகுதான் மற்றவர்களுக்கு. வாசலில் யார் அவசரப்பட்டாலும் அந்த ஒரு கிளாஸுக்குக் காத்திருக்க வேண்டும்.

அந்த வாசலில் நின்று டீ குடிக்கிற ஆட்டோக்காரர்கள், லாட்ஜ்காரர்கள், பஸ் கண்டக்டர்கள் எல்லோருக்கும் நான் லேபில் இருப்பது தெரியும். "என் மோள் லேப்ல இருக்கா, டாக்டர்மாருக்கே இவ சொன்னாத்தான் என்ன நோவுன்னு தெரியும்" என்று அப்பா அளந்துவிட்டிருந்தார். வீட்டில் அதே அப்பாவிடம், பழகிப் பார்க்கிறேன், கையைக் கொடுங்கள், பட்டை மட்டும் கட்டி நரம்பைத் தொட்டுப் பார்க்கிறேன், ஊசி கிடையாது என்று கேட்டால் இரண்டு கையும் லுங்கிக்குள் போய்விடும்.

"இது டீ ஆத்துத கை, தாயி. இதுல ஒண்ணும் வெளயாடாத."

"வெளயாட்டு இல்லப்பா. தொட்டுத்தான் பாக்கப் போறேன்."

"ஒங்கம்மா கை சும்மாத்தான இருக்கு."

அம்மாவின் கை சும்மா இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு நீட்டினாள். நான் பட்டையைக் கட்டியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிட ஆரம்பித்தாள். அடுத்த வீட்டு அம்மா எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கூப்பிட்டாள். ஊசியே இல்லாமல் இந்தப் பாடு. கடைசியில் பட்டையை அவிழ்த்துவிட்டேன். என் கை நடுக்கம் நின்றால் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக அம்மா அன்றைக்கே வேண்டிக்கொண்டாள்.

அம்மாவுக்கு இதில் வேறொரு கவலையும் இருந்தது. அப்பா கொஞ்ச நாளாக மெலிந்துகொண்டு வந்தார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள் என்று அவள் சொல்லும்போதெல்லாம் அப்பாவிடம் ஒரே பதில்தான். "வீட்லயே லேப் வச்சிருக்கேன், வெளில எதுக்குப் போணும்? இவ நல்லா படிச்சு வரட்டும், இவ கிட்டயே குடுக்கேன்." இது பெருமையா தப்பித்தலா என்று எனக்குத் தெரியும். நான் தேறாத வரைக்கும் அவர் ஊசிக்குத் தப்பலாம். நான் பயிற்சியைத் திரும்ப முதலிலிருந்து தொடங்கினால் அவருக்கு இன்னும் நிம்மதி. இதை நினைத்தால் எனக்கு ராத்திரி சோறு இறங்காது.

பொன்முடிப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்குச் சர்க்கரையும் கொழுப்பும் பார்க்க எங்கள் லேபுக்கு ஏற்பாடானது. அங்கே வேலை பார்க்கிறவர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள். அதனால் சேச்சியோடு என்னையும் அனுப்பினார்கள். கைக்காக இல்லை, வாய்க்காக. முந்தின நாள் எஸ்டேட் சூப்பர்வைசருக்கு ஒரு குரல் செய்தி அனுப்பச் சொன்னார்கள். அவர் அதைத் தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் இருக்கிற எல்லோருடைய வாட்ஸப்புக்கும் போட்டுவிடுவார்.

நான் அதை ஒரு வானொலி அறிவிப்பாளரின் கவனத்தோடு பேசினேன். திரும்பத் திரும்பப் பேசி, நன்றாக வந்ததை அனுப்பினேன். "நாளைக்குக் காலைல ரத்தம் எடுக்க வாறோம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பெறகு ஒண்ணும் சாப்பிடாதீங்க. காலைல வெறும் வயித்தோட வாங்க." சேச்சியிடமும் போட்டுக் காட்டினேன். தமிழ் நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

மறுநாள் வேன் ஏறியது. கொண்டை ஊசி வளைவுகளில் சேச்சி ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு பேசாமல் வந்தார். எந்த நரம்பையும் கண்ணால் பார்க்காமலே கண்டுபிடிக்கிற ஆளுக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற தகரக் கொட்டகையில் எங்களுக்கு மேசை போட்டிருந்தார்கள். நாங்கள் போவதற்கு முன்பே வரிசை நின்றது. என் அறிவிப்பின் பலன் என்று உள்ளுக்குள் ஒரு பூரிப்பு. சேச்சி கையுறையை மாட்டிக்கொண்டே முதல் ஆளிடம் கேட்டார். ஏதாவது சாப்பிட்டீர்களா?

"இல்லம்மா. ஒண்ணும் சாப்பிடல."

அப்படிச் சொன்ன பெண்ணின் கையில் ஆவி பறக்கிற டம்ளர் இருந்தது. கறுப்பாக, நிறையச் சீனி போட்ட கட்டன் டீ. பின்னால் இருந்தவர் அதைவிட வேகமாகக் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து உதறிக்கொண்டிருந்தார். நான் போய் வரிசை முழுக்கக் கேட்டேன். ஒருவரும் சாப்பிடவில்லை. எல்லோரும் டீ குடித்திருந்தார்கள்.

"குடிக்கக் கூடாதுன்னு சொன்னேனே" என்றேன். சொல்லும்போதே குரல் உள்ளே போய்விட்டது.

"எங்க சொன்ன?" என்று போனை எடுத்தார் ஒருவர். என் குரல் கொட்டகையில் ஒலித்தது. ஒண்ணும் சாப்பிடாதீங்க. வெறும் வயித்தோட வாங்க. "வெறும் வயித்துலதான் குடிச்சோம்" என்றார் அவர், குற்றம் சொல்கிற தொனி எதுவும் இல்லாமல். "தேயிலத் தோட்டத்துல நிக்கோம். விடியுதப்ப ஒரு கட்டன் குடிக்காம மூஞ்சிகூட கழுவ மாட்டோம்."

அந்தச் சீனி ரத்தத்தில் போன பிறகு வெறும் வயிற்றுச் சர்க்கரை என்று எதை எடுப்பது? எடுத்தால் எல்லோருக்கும் தப்பாகத்தான் காட்டும். மேசையில் அடுக்கி வைத்த டியூப்களைச் சேச்சி ஒன்றொன்றாகப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார். வேனில் ஏறிய பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நின்றெ அச்சனு எந்தா ஜோலி?"

அப்பாவுக்கு என்ன வேலை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பாதி நாள் அவர் டீயைத்தான் இவர் குடிக்கிறார். "டீ" என்றேன். சேச்சி எலுமிச்சம்பழத்தை மறுபடி மூக்கருகே எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டிலும் டீ கணக்கில் வராது. வெறும் வயிற்றில் மாத்திரை போடச் சொன்னால் டீ குடித்துவிட்டுப் போடுகிற வீடு. கோயிலுக்குச் சாப்பிடாமல் போவது என்றால் டீ குடித்துவிட்டுப் போவது. அந்த வரிசையில் நின்றவர்களுக்கு எது தோன்றாதோ அது எனக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். வேறு வீட்டுப் பெண்ணாக இருந்தால் ஒருவேளை டீ என்றும் சேர்த்துச் சொல்லியிருப்பாள்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது அவர் நியாயம் பேசினார். "டீ ஒரு சாப்பாடா தாயி? எவன் சொன்னான்?"

"டீல சீனி இருக்குல்லாப்பா."

"சீனி இல்லாம எவன் குடிப்பான்?"

"அப்ப நீங்க டெஸ்ட்டுக்குப் போனா டீ குடிச்சுட்டுத்தான் போவீங்களா?"

"நான் ஏன் போறேன்?" என்று எழுந்து போனார்.

இன்சார்ஜ் சார் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகச் சொன்னார். குரல் உயரவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இந்தத் தடவை நான் அனுப்பிய குரல் செய்தி ஒரு வக்கீல் நோட்டீஸ். சோறு கூடாது, பிஸ்கட் கூடாது, டீ கூடாது, கட்டன் கூடாது, சீனி போடாத கட்டனும் கூடாது, காப்பி கூடாது, சுக்குவெந்நீர் கூடாது, வெத்தலை கூடாது, பச்சைத் தண்ணீர் மட்டும் குடிக்கலாம். கேட்டவர்கள் சிரிப்புப் பொம்மைகளாக அனுப்பிய பதில்களைச் சூப்பர்வைசர் எனக்கும் அனுப்பி வைத்தார். அந்தக் காலை நானும் டீ குடிக்கவில்லை. அவர்களைப் பட்டினி போட்டுவிட்டு நான் மட்டும் குடிப்பது சரியாகப் படவில்லை.

ஞாயிறன்று மலையில் மூடுபனி. டிரைவர் வேனை வளைத்து வளைத்து ஏற்ற, பாதி வழியில் சேச்சி எலுமிச்சம்பழத்தைக் கீழே போட்டார். அதற்குப் பிறகு வண்டியை நிறுத்தி நிறுத்தித்தான் போனோம். பின்னாளில் இதைக் கேட்ட தோழி ஒருத்தி, உனக்குத் தைரியம் வரவேண்டும் என்று சேச்சி நடித்திருப்பார் என்றாள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. நிஜமாகவே வாந்தி எடுத்தார். வேனைக் கழுவியது நான்தான்.

கொட்டகைக்குள் நுழைந்தபோது சேச்சிக்கு முகம் வெளுத்துக் கை நடுங்கியது. பெஞ்சில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். வரிசை போன தடவையைவிட நீளம். ஆனால் இது வேறு வரிசை. ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டும், சால்வையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டும், காரணமில்லாமல் ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டும் நின்றார்கள். டீ குடிக்காத தமிழர்களை இத்தனை பேராக நான் அதுவரை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. கொட்டகையின் மூலையில், ரத்தம் கொடுத்தவுடன் குடிக்கட்டும் என்று ஒரு பெரிய அண்டாவில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனை கொட்டகை முழுக்கப் பரவியிருந்தது.

"ஆரம்பிக்கலியா?" என்று யாரோ கத்தினார்கள்.

"நீ எடுக்கு" என்றார் சேச்சி, கண்ணைத் திறக்காமல்.

"சேச்சி, நானா?"

"கண் தொறந்நா எனிக்கு மறியும். நீ எடுக்கு. ஞான் இவிடெ உண்டு." கண்ணைத் திறந்தால் தலை சுற்றிச் சாய்ந்துவிடுவேன், நான் இங்கேதான் இருக்கிறேன் என்றார். ஒருவருக்கு ஒரு தரம் தவறினால் இன்னொரு தரம் முயற்சி செய், அதுவும் தவறினால் என்னை எழுப்பு, அதற்கு மேல் குத்தக் கூடாது என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மறுபடி சுவரில் சாய்ந்தார்.

இதற்குள் முதல் பெண் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். போன தடவை டம்ளரோடு நின்ற அதே பெண். புதிய குட்டியா என்று கேட்கவில்லை. என் அட்டையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மேசை மேல் தொப்பென்று போட்டுவிட்டு அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பட்டையைக் கட்டினேன். விரலை வைத்து நரம்பைத் தேடினேன். கொழுந்து பறித்துக் கூடை சுமந்த கை. நரம்பு கயிறாக நின்றது. இருந்தாலும் நான் தடவிக்கொண்டே இருந்தேன்.

"குத்துததுன்னா குத்து புள்ள" என்றாள் அண்டாவிலிருந்து கண்ணை எடுக்காமல். "மண்ட வெடிக்கி."

குத்தினேன். டியூப்பில் ரத்தம் ஏறியது. பட்டையை அவிழ்த்தேன். பிறகு ஊசியை எடுத்தேன். பஞ்சை வைத்து அழுத்தச் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் பஞ்சோடு அண்டாப் பக்கம் போய்விட்டாள். என் கையைப் பார்த்தேன். நடுங்கவில்லை. நடுங்குவதற்கு யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் போலிருக்கிறது. அந்தக் கொட்டகையில் ஒருவருக்கும் என்னைப் பார்க்க நேரமில்லை, எல்லோரும் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

வேலை செய்து முறுக்கேறிய கைகள் எல்லாமே சுலபமான கைகள்தான். இதை நான் மறைக்கவில்லை. ஆனால் நடுவில் வயதான ஒரு அம்மாள் வந்தார். தோல் மட்டும் இருக்கிற கை. பட்டை கட்டியும் நரம்பு கண்ணுக்குத் தெரியவில்லை. விரலுக்கு ஏதோ தட்டியது போலிருந்தது. குத்தினேன். ரத்தம் வரவில்லை. வங்கிக்காரரின் நீலக் கை கண் முன்னால் வந்தது. இப்படி ஆனால் எப்போதும் நான் செய்வது, ஊசியை உள்ளே வைத்துக்கொண்டு அங்குமிங்கும் தேடுவது. அன்றைக்கு அதைச் செய்யவில்லை. பட்டையை அவிழ்த்து, ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "கெடைக்கல பாட்டி. அந்தக் கைய குடுங்க" என்றேன்.

"இந்தா" என்று மறு கையைக் கொடுத்தார். அவ்வளவுதான். அவர் திட்டவில்லை, பெருமூச்சு விடவில்லை. "அங்க டீ தீந்துருமா?" என்று மட்டும் கேட்டார். தீராது என்றேன். இந்தத் தடவை அவசரப்படாமல், கண்ணை நம்பாமல், விரலின் அடியில் மெத்தென்று எழும்பி அமுங்குகிற இடம் தெரியும் வரை காத்திருந்தேன். கிடைத்தது. தவறினால் தலை போகாது, எடுத்துவிட்டு மறு கையில் பார்க்கலாம் என்பதை இத்தனை மாதத்தில் எனக்கு எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாளின் இரண்டாவது கையில்தான் அது எனக்கு ஏறியது.

வரிசை முடிந்தபோது பனி விலகி வெயில் வந்திருந்தது. சேச்சி கண்ணைத் திறந்தார். எழுந்து வந்து, டியூப்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பெயர்களைச் சரிபார்த்தார், ஐஸ் பெட்டியில் அடுக்கினார். கடைசி டியூப்பை வைத்துவிட்டு, "கொள்ளாம்" என்றார். பரவாயில்லை, நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். அவர் யாரையும் அதற்கு மேல் பாராட்டி நான் கேட்டதில்லை.

முதலில் வந்த பெண் எனக்கொரு டம்ளர் டீ கொண்டுவந்து தந்தாள். இப்போது அவள் முகம் தெளிந்திருந்தது, பேச்சும் வந்திருந்தது. எந்த ஊர், வீட்டில் யார் யார், கல்யாணம் ஆயிற்றா என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டாள். அதைவிட நல்ல டீயை நான் குடித்ததே இல்லை என்று எழுத ஆசைதான். டீ மாஸ்டர் மகளால் அப்படி எழுத முடியாது. காலையிலிருந்து கொதித்துக் கொதித்துக் கறுத்து, கசந்து போயிருந்தது. ஆனால் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. கொட்டகைக்கு வெளியே போய் மலையைப் பார்த்து நின்றுகொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். துக்கம் ஒன்றும் இல்லை. பல மாதமாகத் தோளில் இருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது.

சேச்சி இன்சார்ஜ் சாரிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மறுநாளே என்னைக் கவுன்டரிலிருந்து எடுத்து ரத்தம் எடுக்கிற அறையில் போட்டார்கள். சார் ஒரு காலைப்பொழுது முழுக்கக் கதவருகே நின்று பார்த்தார். பார்க்கிறாரே என்று இருந்தது. கை கொஞ்சம் நடுங்கவும் செய்தது. நடுங்கிக்கொண்டே எடுத்தேன். ஒருவருக்குத் தவறியது, மறு கையில் எடுத்தேன். மத்தியானம் சார், சரி என்று தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். அம்மா பழவங்காடிக்குப் போய்த் தேங்காயை உடைத்துவிட்டு வந்தாள். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இனி அவருக்குச் சாக்கு இல்லை என்பதைப் பற்றி நானும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ஓடிவிடுவார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை, அறையில் நல்ல கூட்டம். குனிந்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் சட்டைக் கையை ஏற்கெனவே முழங்கைக்கு மேல் மடித்திருந்தார். முன்கையில் சூடான பால் தெறித்த பழைய தழும்புகள். நிமிர்ந்து பார்த்தேன். தலையை எண்ணெய் வைத்துச் சீவி, கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார்.

எல்லோரிடமும் கேட்கிறதைக் கேட்டேன்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"டீ?"

"இல்ல."

"கட்டன்?"

"இல்லம்மா."

"பாய்லர்ல மொத கிளாஸு?"

"ஆட்டோக்காரன்ட்ட குடுத்து ருசி பாக்கச் சொன்னேன்" என்றார். "தூள் கம்மிங்கான். அவனுக்கு என்ன தெரியும்?"

விடிவதற்கு முன்னாலிருந்து தம்பானூருக்கெல்லாம் டீ ஆற்றிவிட்டு, தான் ஒரு மடக்குக் குடிக்காமல் வந்திருந்தார். நான் பட்டையைக் கட்டினேன். லுங்கிக்குள் ஒளிந்த கைதான். இப்போது மேசை மேல் அசையாமல் இருந்தது. விரலை வைத்தேன், நரம்பு அகப்பட்டது. அவர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்தேன், பட்டையை அவிழ்த்தேன், ஊசியை எடுத்தேன், பஞ்சை வைத்தேன்.

"இன்னும் குத்தலியா?" என்றார் காலண்டரைப் பார்த்தபடியே.

"முடிஞ்சாச்சுப்பா."

அவர் பஞ்சையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்தார். பின்னால் காத்திருந்த பெரியவர் என் அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார். புதிய குட்டியா என்று கேட்க அவர் வாய் திறப்பதற்குள் அப்பா அவர் தோளில் கை வைத்து, "பேடிக்கண்டா. வேதனயொந்நும் இல்லா. என்றெ மோளா" என்றார். பயப்பட வேண்டாம், வலி ஒன்றும் இல்லை, என் மகள்தான்.

சொல்லிவிட்டு, முழங்கையை மடக்கிக்கொண்டு, டீ குடிக்கப் போனார். பெரியவர் உட்கார்ந்து கையை நீட்டினார். எனக்குக் கண் மறைத்தது. ஒரு நிமிடம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டு, முகத்தைத் துடைத்துவிட்டு, புதுக் கையுறையை மாட்டிக்கொண்டேன்.